ரெண்டுக்கு மூணுன்னா என்னங்க? – விகிதம் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல விகிதம், விகித சமம் (ரெண்டு விகிதம் ஒண்ணா இருக்கறது) பத்தி சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், கேள்வி குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் போட இடமில்ல, அதனால ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொல்லிருந்தீங்க, சரி, யார் பேருமே போடல.

கேள்வி: என் பொண்ணு ஆறாவது படிக்கறா சார். 2:3 விகிதத்துல நீலமும் மஞ்சளும் கலந்தா ஒரு பச்சை வருது, நீலத்தை 4 கப் எடுத்தா மஞ்சள் எவ்ளோன்னு கேட்டா 5னு சொல்றா. "ரெண்டு கூட்டுனேன், அதனால அங்கயும் ரெண்டு கூட்டுனேன், இதுல என்ன தப்பு"ன்னு என்னையே திருப்பி கேக்கறா. 6 தான் விடைன்னு எனக்கு தெரியுது, ஆனா ஏன்னு அவளுக்கு புரியற மாதிரி சொல்ல வரல.

பதில்: முதல்ல பொண்ணை திட்டாதீங்கம்மா, இது அவ மட்டும் பண்ற தப்பு இல்ல. அஞ்சு வருஷமா கூட்டல் கழித்தல்லயே பழகுன மூளை, வித்தியாசத்தைத்தான் முதல்ல பாக்கும். "மஞ்சள் ஒண்ணு ஜாஸ்தி, அப்ப எப்பவும் ஒண்ணு ஜாஸ்தி"ன்னு அவ கணக்கு போட்டிருக்கா, அவ அளவுல அது சரியான யோசனைதான், ஆனா விகிதம்ங்கறது எவ்ளோ ஜாஸ்திங்கற கேள்வியே இல்ல, எத்தனை மடங்குங்கற கேள்வி.

புரிய வைக்க ஒரு வழி சொல்றேன். ரெண்டு தம்ளர் எடுத்து நிஜமாவே கலக்க சொல்லுங்க. 2 கப் நீலம் 3 கப் மஞ்சள் ஒரு தடவை கலந்து ஒரு பாத்திரத்துல ஊத்தட்டும். அப்புறம் அதே மாதிரி இன்னொரு தடவை, 2 நீலம் 3 மஞ்சள், கலந்து அதே பாத்திரத்துல ஊத்தட்டும். பச்சை மாறாது, ஏன்னா ஒரே பச்சையை ஒரே பச்சையோட கலந்திருக்கு. இப்ப உள்ள மொத்தமா என்ன இருக்குன்னு எண்ண சொல்லுங்க, 4 நீலம் 6 மஞ்சள். அவ சொன்ன 4க்கு 5 வேணும்னா ரெண்டாவது தடவை 2 நீலத்துக்கு 2 மஞ்சள்தான் ஊத்தணும், அது வேற பச்சை, கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்கும். நம்பரா பாத்தா முதல் கலவைல நீலம் நூத்துக்கு 40, அவளோடதுல நூத்துக்கு 44க்கு மேல.

இன்னொண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம். 4க்கு 6 இன்ச் போட்டோ இருக்கு இல்லையா, அதை 8க்கு 10 சைஸ்ல பெருசாக்கி குடுங்கன்னு ஸ்டுடியோல கேட்டுப் பாருங்க, ஓரத்துல நிக்கறவரோட தோளு போயிடும். ஏன்? 4ஐ 8 ஆக்கறது ரெண்டு மடங்கு, அப்ப 6 வந்து 12 ஆகணும். 8க்கு 10ங்கறது ரெண்டு பக்கமும் நாலு நாலு *கூட்டுன* சைஸ், உங்க பொண்ணு பண்ண அதே தப்பு! 12 இன்ச் நீளத்துக்கு வர்ற படத்தை 10 இன்ச் பேப்பர்ல அடிக்கணும்னா ரெண்டு இன்ச்ச வெட்டித்தான் ஆகணும், வெட்ட மாட்டேன்னு இழுத்து அடக்குனா எல்லார் மூஞ்சியும் நசுங்கும். வீட்ல போன்ல ஒரு படத்தை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் இழுத்து காட்டுங்க, விகிதம் மாறுறதுன்னா என்னன்னு கண்ணுக்கே தெரியும், அதுக்கு மேல விளக்கமே வேணாம்.

வித்தியாசம் மாறாம விகிதம் மட்டும் மாறுற இடமும் இருக்கு, அதையும் காட்டிடுங்க. அக்காவுக்கு 8 வயசு, தங்கச்சிக்கு 4, அக்கா ரெண்டு மடங்கு. பத்து வருஷம் கழிச்சு 18, 14. இன்னமும் ரெண்டு மடங்கா? இல்ல, 9:7 ஆயிடுச்சு. நாலு வயசு வித்தியாசம் மட்டும் அப்படியே நிக்குது. வயசு கூட்டல்ல வளருது, பெயின்ட் பெருக்கல்ல வளருது. எது எப்படி வளருதுன்னு பிரிச்சு பாக்கத் தெரிஞ்சா இந்தப் பாடத்துல பாதி முடிஞ்சுது.

கேள்வி: 2:3ன்னா 2/3 தானே? கிளாஸ்ல பசங்களும் பொண்ணுங்களும் 2:3, மொத்தம் 40 பேர்னு குடுத்தாங்க. நான் 40ல 2/3 பங்குன்னு போட்டேன், 26.67 பசங்க வந்தாங்க. அந்த 0.67 பையன் யாருன்னு வாத்தியார் கேட்டு கிளாஸே சிரிச்சிருச்சு.

பதில்: அந்த 0.67 பையன் எங்க காலத்துலயும் இருந்தான் தம்பி, கவலைப்படாதீங்க. விஷயம் இதுதான். பசங்களையும் பொண்ணுங்களையும் ஒப்பிட்டா, பசங்க எண்ணிக்கை பொண்ணுங்க எண்ணிக்கைல 2/3. அது உண்மைதான். ஆனா நீங்க அந்த 2/3ஐ கொண்டு போய் மொத்த கிளாஸ் மேல வச்சுட்டீங்க. மொத்தத்துல 2+3, அஞ்சு பங்கு இருக்கு, பசங்க அதுல 2 பங்கு, அதாவது 2/5. 40ஐ அஞ்சா பிரிச்சா பங்குக்கு 8, அப்ப பசங்க 16, பொண்ணுங்க 24. கூட்டிப் பாருங்க, 40 வருதா, வருது, 16:24ஐ சுருக்குனா 2:3 வருதா, வருது. இந்த ரெண்டு செக்கும் பத்து செகண்டுதான் ஆகும், பரீட்சைல யாரும் பண்றதில்ல.

பகுதிக்கும் பகுதிக்கும் ஒப்பிடறதா, பகுதிக்கும் மொத்தத்துக்கும் ஒப்பிடறதா, இதை மட்டும் ஒவ்வொரு கணக்குலயும் முதல்ல கேட்டுக்கோங்க. மூணு பேர் வந்துட்டா இது இன்னும் பளிச்னு தெரியும். கான்க்ரீட் கலவை 1:2:4ம்பாங்க, சிமெண்ட் ஒண்ணு, மணல் ரெண்டு, ஜல்லி நாலு. இதை ஒரே பின்னமா எழுதவே முடியாது, மொத்தம் ஏழு பங்கு, சிமெண்ட் அதுல 1/7னு சொல்லலாம். (இதுல ஒரு கூத்து இருக்கு, ஏழு சட்டி போட்டா ஏழு சட்டி கான்க்ரீட் வராது. ஜல்லிக்கு நடுவுல இருக்கற சந்துல மணல் போய் உக்காந்துக்கும், மணலுக்கு நடுவுல சிமெண்ட் போய் உக்காந்துக்கும், அதனால கொறைஞ்சுடும். விகிதம் என்னவோ சரிதான், கன அளவைத்தான் அப்படி நேரா கூட்டக் கூடாது.)

கேள்வி: 50 செ.மீ., 2 மீட்டர், விகிதம் 25:1னு எழுதினேன், தப்புன்னு சொல்லிட்டாங்க.

பதில்: பின்ன என்ன, 50 செ.மீ. குச்சி 2 மீட்டர் குச்சியை விட 25 மடங்கு நீளமா? ரெண்டையும் ஒரே அலகுக்கு மாத்துங்க, 50:200, அதாவது 1:4. மாத்துனதுக்கப்புறம் அலகு ரெண்டு பக்கமும் அடிபட்டு போயிடும், அதனாலதான் விகிதத்துக்கு அலகே கிடையாது.

மேப்புல 1:50,000னு போட்டிருப்பாங்களே, அதுவும் இதே கதைதான். 1 செ.மீ. வரைஞ்சா தரைல 50,000 செ.மீ., அதாவது அரை கிலோமீட்டர். இன்ச்ல அளந்தாலும் நகத்தால அளந்தாலும் அதே 50,000 மடங்கு. ஒரு வாசகர் 1:50,000 பெரிய ஸ்கேலா 1:10,00,000 பெரிய ஸ்கேலான்னு கேட்டிருந்தார், அவருக்கும் இங்கயே சொல்லிடறேன், 1:50,000 தான் பெருசு. அம்பதாயிரத்துல ஒண்ணு, பத்து லட்சத்துல ஒண்ணை விட பெருசு இல்லையா. அதனாலதான் அதுல தெரு தெரியும், இன்னொண்ணுல மாநிலம்தான் தெரியும்.

கேள்வி: குறுக்குப் பெருக்கல் பண்ணு, விடை வரும்னு சொல்லிக் குடுக்கறாங்க. வருது. ஏன் வருதுன்னு கேட்டா "ரூல்"ங்கறாங்க. எனக்கு வயசு 47, என் பையனுக்கு சொல்லிக் குடுக்க உக்காந்தப்பதான் எனக்கே தெரியாதுன்னு தெரிஞ்சுது.

பதில்: இந்த வயசுல ஏன்னு கேக்கறீங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. 2/3ம் 8/12ம் சமம்னு வச்சுக்கோங்க. ரெண்டு பின்னத்தை ஒப்பிடணும்னா கீழ் எண்ணை ஒண்ணாக்குவோம் இல்லையா, 3×12, அதாவது 36 ஆக்கலாம். முதல் பின்னத்தை மேலயும் கீழயும் 12ஆல பெருக்குங்க, 24/36. ரெண்டாவதை 3ஆல பெருக்குங்க, 24/36. கீழ ஒண்ணா இருக்கு, அப்ப மேல இருக்கறது ஒண்ணா இருந்தா போதும், மேல இருக்கறது என்ன, 2×12, 8×3. அவ்ளோதான், குறுக்குப் பெருக்கல்ங்கறது இந்த வேலையோட மேல் பாதியை மட்டும் எழுதறது, கீழ் பாதியை எழுத சோம்பேறித்தனப்பட்டு விட்டுட்டோம். 2:3 = 8:12னு எழுதுனா ஓரத்துல இருக்கற ரெண்டையும் பெருக்குனா நடுவுல இருக்கற ரெண்டையும் பெருக்குனதுக்கு சமம்னு புக்ல இருக்குமே, அதுவும் இதேதான், உக்காந்திருக்கற இடம்தான் வேற.

ஆனா பையனுக்கு இதை முதல்ல சொல்லிக் குடுக்காதீங்க, என் தாழ்மையான கருத்து. ஒரு பம்ப் 6 நிமிஷத்துல 90 லிட்டர் தண்ணி ஏத்துது, 18 நிமிஷத்துல எவ்ளோ? 6 எப்படி 18 ஆச்சு, மூணு மடங்கு, அப்ப 90ம் மூணு மடங்கு, 270, முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு எக்ஸ் எல்லாம். சரி 10 நிமிஷத்துல எவ்ளோ? மடங்கு சுலபமா வரல, அப்ப ஒரு நிமிஷத்துக்கு எவ்ளோன்னு பாரு, 15 லிட்டர், பத்து நிமிஷத்துக்கு 150. இதான் அலகு முறை. நம்பர் ரொம்ப அசிங்கமா இருந்தா மட்டும் குறுக்குப் பெருக்கலுக்கு போகலாம். எடுத்ததுமே அதை கையில குடுத்தா பசங்க கண்ணுல பட்ட நாலு நம்பரையும் குறுக்கால பெருக்க ஆரம்பிச்சுடுவாங்க, பெருக்கலாமா கூடாதான்னு யோசிக்கவே மாட்டாங்க, அந்தக் கொடுமை அடுத்த கேள்வில வருது.

இந்தக் கணக்குக்கு வயசு அதிகம். கி.பி. 499ல எழுதுன ஆரியபட்டீயத்துல ஆரியபட்டர் இதை திரைராசிகம்னு சொல்றார், மூணு ராசி, அதாவது மூணு அளவு, தெரிஞ்சா நாலாவதை கண்டுபிடிக்கறது. தெரிஞ்ச அளவு பிரமாணம், அதுக்கு கிடைச்சது பலன், நமக்கு வேண்டியது இச்சை. பலனை இச்சையால பெருக்கி பிரமாணத்தால வகுன்னு ஒரே மூச்சுல முடிச்சுடறார். நம்ம பம்ப்புல 6 பிரமாணம், 90 பலன், 10 இச்சை. 90×10, வகுத்தல் 6, அதே 150. இச்சைன்னு பேர் வச்சாங்க பாருங்க, ஆசைப்பட்ட அளவு, இப்ப நாம எக்ஸ்னு சொல்றதுல அந்த ருசியே இல்ல.

கேள்வி: 3 சட்டை வெயில்ல காய 1 மணி நேரம் ஆகுது, 6 சட்டை காய எவ்ளோ நேரம்? குரூப்ல வந்துச்சு. நான் 2 மணி நேரம்னு போட்டு அசிங்கப்பட்டேன். அதே மாதிரி ஆள்-நாள் கணக்குலயும் எப்ப பெருக்கறது எப்ப வகுக்கறதுன்னு குழம்பிடுது.

பதில்: எல்லா சட்டையும் பக்கத்து பக்கத்துல கொடில தொங்குது, ஒண்ணுக்காக இன்னொண்ணு காத்திருக்கல, அதனால ஆறு சட்டைக்கும் அதே 1 மணி நேரம்தான் (கொடில இடம் இருந்தா!). இதுல விகித சமமே இல்ல. ஆனா கேள்வில மூணு நம்பர் குடுத்து நாலாவது கேட்டாலே நம்ம கை தானா பெருக்கப் போயிடுது.

அதனால எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இது ரெட்டிப்பானா அது என்ன ஆகும்? அதுவும் ரெட்டிப்பானா நேர் விகிதம். பாதியானா எதிர் விகிதம். ரெண்டும் இல்லன்னா கையை கட்டிட்டு உக்காந்து யோசிங்க, அது வேற கணக்கு.

6 பேர் 10 நாள்ல முடிக்கற வேலை, 4 பேர் எத்தனை நாள்? ஆள் ரெட்டிப்பானா நாள் பாதியாகும், அப்ப எதிர் விகிதம். எதிர் விகிதத்துல பெருக்கல்தான் மாறாம இருக்கும், 6×10, 60 ஆள்-நாள் வேலை அது. 4 பேர் செஞ்சா 60ஐ 4ஆல வகுங்க, 15 நாள். அதே 6 பேர் ஆரம்பிச்சு, 4 நாள் கழிச்சு ரெண்டு பேர் நின்னுட்டாங்கன்னு திருப்பம் வச்சு கேட்டாலும் பயப்பட வேணாம், 4 நாள்ல 24 ஆள்-நாள் முடிஞ்சிருக்கும், மிச்சம் 36, மிச்சம் இருக்கறவங்க 4 பேர், இன்னும் 9 நாள். இப்படி வேலையை ஒரு குவியலா நினைச்சுட்டீங்கன்னா ஃபார்முலாவே தேவையில்ல. ஆனா 600 பேரை விட்டா ஒரு நாள்ல பத்துல ஒரு பங்கு நேரத்துல முடியும்னு கணக்கு சொல்லும், நிஜத்துல 600 பேர் நிக்கவே இடம் இருக்காது, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சுட்டு நிப்பாங்க. எந்த விகிதத்துக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு, அதை புக்ல போடறதில்ல.

எதிர் விகிதத்தை கண்ணால பாக்கணும்னா சைக்கிளை திருப்பி போட்டு பெடலை சுத்துங்க. முன்னாடி பல் சக்கரத்துல 44 பல்லு, பின்னாடி 22 பல்லுன்னு வச்சுக்குவோம். செயின் ஒவ்வொரு பல்லா இழுக்குது, முன்னாடி 44 பல்லு நகந்தா பின்னாடியும் 44 பல்லு நகரணும், அங்க இருக்கறதே 22 தான், அதனால ரெண்டு சுத்து சுத்திடும். 44×1 = 22×2. பின்னாடி 11 பல்லு சக்கரத்துக்கு கியர் மாத்துனா நாலு சுத்து. டயர் சுற்றளவு 2.1 மீட்டர்னா ஒரு மிதிக்கு முன்னாடி 4.2 மீட்டர் போனது இப்ப 8.4 மீட்டர் போகும், ஆனா காலுக்கு பாரமும் ரெண்டு மடங்காயிடும், மேட்டுல ஏறும்போது தெரியும்.

அப்புறம், இன்னிக்கு 40 டிகிரி, நேத்து 20 டிகிரி, அதனால இன்னிக்கு ரெண்டு மடங்கு சூடுன்னு சொல்லலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார். அதை ஃபாரன்ஹீட்ல மாத்திப் பாருங்க, 68ம் 104ம். அங்க ஒன்றரை மடங்கு சொச்சம்தான் வருது. ஒரே வெயில், அளவுகோல் மாறுனா மடங்கு மாறுதுன்னா அந்த மடங்குக்கு அர்த்தமே இல்ல. ஏன்னா செல்சியஸ்ல பூஜ்யம்னா சூடே இல்லன்னு அர்த்தம் இல்ல, தண்ணி உறையற இடத்துக்கு பூஜ்யம்னு பேர் வச்சிருக்கோம். நிஜ பூஜ்யத்துலேர்ந்து எண்ற கெல்வின்ல பாத்தா 293ம் 313ம், நூத்துக்கு ஏழு கூட ஜாஸ்தி இல்ல.

கேள்வி: போகும்போது 60 கி.மீ. வேகம், வரும்போது 40 கி.மீ. வேகம், சராசரி 50 தானே? 48னு விடை போட்டிருக்கு, அச்சுப் பிழையா?

பதில்: அச்சுப் பிழை இல்ல. 120 கி.மீ. தூரம்னு வச்சுக்கோங்க, போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம், 5 மணி நேரத்துல 240 கி.மீ., 48. மெதுவா போன வேகத்துல அதிக *நேரம்* இருந்திருக்கீங்க, அதனால சராசரி அது பக்கம் சாயுது. இன்னொண்ணு போட்டுப் பாருங்க, அதே 120ல பாதி தூரம் 30 வேகத்துல போயிட்டீங்க, மொத்த சராசரி 60 வரணும்னா மிச்ச பாதியை எந்த வேகத்துல போகணும்? 90ன்னு வாய் வரைக்கும் வரும். முடியவே முடியாதுங்க, 60 கி.மீ. போகவே ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு, 120ஐ 60 வேகத்துல முடிக்க இருந்த நேரமே ரெண்டு மணி நேரம்தான்.

கேள்வி: ஒரு இன்ச் பைப் கிடைக்கல, அரை இன்ச் பைப் ரெண்டு போட்டுக்கலாம் அதே தண்ணி வரும்னு ஒருத்தர் சொல்றார். சரியா?

பதில்: வேணாம். தண்ணி போறது பைப்போட வாய் வழியா, வாய்ங்கறது பரப்பு. விட்டம் பாதியானா பரப்பு கால்வாசி ஆயிடும், ஏன்னா குறுக்கயும் பாதி நெடுக்கயும் பாதி. அப்ப ஒரு இன்ச்சோட பரப்புக்கு ஈடா நாலு அரை இன்ச் பைப் வேணும். அதுவும் பத்தாது, சின்ன பைப்ல தண்ணி சுவரை உரசிட்டு போறது ஜாஸ்தி, அதே பிரஷர்ல நாலு பைப் சேந்தாலும் அந்த ஒரு பைப் அளவுக்கு வராது.

நீளம் ரெண்டு மடங்குன்னா பரப்பு நாலு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. ஒரு சிலையை அதே பொருள்ல பாதி உயரத்துக்கு செஞ்சா எடை பாதி இல்ல, எட்டுல ஒண்ணு. கலீலியோ 1638ல வந்த புத்தகத்துல இதை எலும்பை வச்சு சொல்றார், ஒரு மிருகத்தை அப்படியே பெருசாக்குனா எடை கன அளவுல ஏறும், எலும்போட தாங்கற பலம் குறுக்குவெட்டு பரப்புல தான் ஏறும், அதனால பெரிய மிருகத்துக்கு எலும்பு விகிதம் மாறி இன்னும் தடியா இருந்தாகணும். யானையோட காலையும் மானோட காலையும் நினைச்சுப் பாத்தா போதும். சினிமால வர்ற மலை சைஸ் எறும்பு நிஜத்துல நின்னா அதோட காலே ஒடிஞ்சுடும்.

கேள்வி: ஜெராக்ஸ் மெஷின்ல ஏ4ஐ ஏ3 ஆக்க 141%னு காட்டுது. ஏ3 ஏ4க்கு டபுள் தானே, 200%னு இருக்க வேணாமா?

பதில்: இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பைப் கேள்விக்கு இது சொந்தக்காரன்தான். மெஷின் காட்டறது நீளத்தை எத்தனை மடங்கு ஆக்குதுங்கறதை, பரப்பை இல்ல. 1.41ஐ 1.41ஆல பெருக்குங்க, 2 பக்கத்துல வரும். பரப்பு டபுள், பக்கம் ரூட் 2 மடங்கு. 200%னு போட்டா நாலு ஏ4 சேந்த பேப்பர் வேணும்.

ஆனா நிஜ அழகு வேற இடத்துல இருக்கு. ஒரு ஏ4ஐ எடுத்து நீளம் பாதியாகற மாதிரி மடிங்க. 210க்கு 297 மில்லிமீட்டரா இருந்தது இப்ப 148க்கு 210. கால்குலேட்டர்ல போடுங்க, 297ஐ 210ஆல வகுத்தா 1.414, 210ஐ 148ஆல வகுத்தா 1.419, மில்லிமீட்டர்ல ரவுண்ட் பண்ணதால வர்ற சின்ன வித்தியாசம் தவிர அதே வடிவம். எந்த பேப்பரை மடிச்சாலும் இப்படி வராது, சதுரத்தை மடிச்சா நீளமான பட்டையாயிடும், நம்ம 4க்கு 6 போட்டோவை மடிச்சா 3க்கு 4 ஆயிடும். மடிச்சாலும் வடிவம் மாறக் கூடாதுன்னா நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமும், அகலத்துக்கும் பாதி நீளத்துக்கும் உள்ள விகிதமும் ஒண்ணா இருக்கணும். ஓரத்தை ஓரத்தோட, நடுவை நடுவோட பெருக்குங்க, நீளத்தோட வர்க்கத்துல பாதி, அகலத்தோட வர்க்கம். அப்ப விகிதம் ரூட் 2 தான், வேற எதுவும் இல்ல. ஜெர்மனில லிக்டன்பெர்க்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் 1786லயே ஒரு கடிதத்துல இதை எழுதிட்டார், 1922ல ஜெர்மனி இதை பேப்பர் தரமா கொண்டு வந்துச்சு, 1975ல சர்வதேச தரமாவும் ஆயிடுச்சு.

இதுல ஏ0ங்கறது சரியா ஒரு சதுர மீட்டர் பரப்புன்னு வச்சிருக்காங்க. நாலு தடவை மடிச்சா ஏ4, அப்ப ஏ4 அதுல 16ல ஒரு பங்கு. பேப்பர் கட்டுல 80 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கறது ஒரு சதுர மீட்டர் 80 கிராம்னு அர்த்தம், அதனால ஒரு ஏ4 தாள் 5 கிராம். 500 தாள் கட்டு ரெண்டரை கிலோ, தராசுல வச்சுப் பாருங்க, சுத்தியிருக்கற உறையோட எடைதான் கூட வரும்.

ஒண்ணு கவனிச்சீங்களா, 2:3, 9:7னு இதுவரைக்கும் பாத்த விகிதத்தையெல்லாம் முழு எண்ல எழுத முடிஞ்சுது. இந்த ரூட் 2ஐ எந்த ரெண்டு முழு எண்ணை வச்சும் எழுத முடியாது, தினமும் கையில வச்சிருக்கற பேப்பர்லயே அப்படி ஒரு விகிதம் ஒளிஞ்சிருக்கு. இது கிரேக்கர்களுக்கு பெரிய தலைவலி, அவங்க கணித மேதை யூக்ளிட் எழுதுன 'எலிமெண்ட்ஸ்'ல அஞ்சாவது புத்தகம் முழுக்க இதையும் சேத்து சமாளிக்கற மாதிரி விகிதத்துக்கு இலக்கணம் எழுதறதுதான்.

கேள்வி: இதெல்லாம் பரீட்சைக்கு தவிர நிஜத்துல யார் சார் பண்றாங்க? (பன்னெண்டாவது, காமர்ஸ்)

பதில்: ஒரு குளத்துல எத்தனை மீன் இருக்குன்னு தண்ணியை வத்த வைக்காம சொல்லுங்க பாப்போம். சொல்றாங்க. வலை போட்டு 100 மீனைப் பிடிச்சு துடுப்புல ஒரு சின்ன குறி மாட்டி திரும்ப விட்டுடுவாங்க. கொஞ்ச நாள் கலந்து சுத்தட்டும்னு விட்டுட்டு மறுபடி வலை போடுவாங்க, இந்த தடவை 80 மீன் மாட்டுது, அதுல 16ல குறி இருக்கு. அப்ப வலையில குறியோட மீன் அஞ்சுல ஒண்ணு. குளத்துலயும் அதே விகிதம்தான்னா, குளத்துல குறி போட்டது 100, அது அஞ்சுல ஒண்ணு, மொத்தம் 500. நாலு நம்பர், ஒரு விகித சமம், உங்க ஆறாவது புக்ல இருக்கற அதே கணக்கு.

பிரான்ஸோட ஜனத்தொகையை 1802ல லாப்லாஸ்ங்கற பிரெஞ்சு கணித மேதை இப்படித்தான் போட்டார், நாடு பூரா தலை எண்ணாம. தேர்ந்தெடுத்த சில ஊர்ல மட்டும் ஆளுங்களை எண்ணி அங்க வருஷத்துக்கு எத்தனை குழந்தை பொறக்குதுன்னு பாத்தார், ஒரு பிறப்புக்கு கிட்டத்தட்ட 28.35 பேர்னு விகிதம் வந்துச்சு. நாடு முழுக்க பிறப்பு வருஷத்துக்கு பத்து லட்சம்னு எடுத்துக்கிட்டா, ஜனத்தொகை 2 கோடியே 83 லட்சம் சொச்சம்.

ஆனா மீன் கணக்குல ஒரு இடத்துல உஷாரா இருக்கணும் தம்பி, வலையில இருக்கற விகிதம்தான் குளத்துலயும்னு நம்பித்தான் குறுக்கால பெருக்குனோம். ஒரு தடவை அடிபட்ட மீனுங்க அடுத்த தடவை வலையைக் கண்டாலே ஒதுங்கிடுதுன்னு வைங்க, 16க்கு பதிலா 8 தான் மாட்டும், கணக்கு 1000 மீன்னு சொல்லும், குளத்துல அதே 500 தான் நீந்திட்டிருக்கும்.